மலை ஊர் பீரும் சைடரும்: கொங்கு நாக்கை வைத்து ருசி பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏனுங்கண்ணா, கூலிங் இருக்குதுங்களா?" கோவையிலும் ஈரோட்டிலும் பீர் வாங்க நிற்பவர் முதலில் கேட்பது இதைத்தான். சித்திரை வெயிலில் அது நியாயமான கேள்வி. ஆனால் 2 டிகிரிக்குக் குளிர்ந்த பீரில் மணம் மேலே எழாது, நாக்கும் மரத்துவிடும். தாகம் தணியும், ருசி தெரியாது. நம்ம ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் குளிரில் புளிக்கவைக்கும் லாகர் வகை பீர் என்பதால் இதில் பெரிய நட்டமில்லை. ஏதோ ஒரு மலை ஊருக்குப் போய், சின்ன ஆலை ஒன்று தன் கையால் காய்ச்சிய பீரையும் ஆப்பிள் சைடரையும் அதே பழக்கத்தில் குடித்தால்தான் நட்டம்.

ருசி பார்க்கத் தனி நாக்கு வேண்டியதில்லை. ஊத்துக்குளி வெண்ணெய், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, கம்பங்கூழ், வாழைப்பூ என்று பீருக்கும் சைடருக்கும் வேண்டிய ருசிப் பெயர்களில் முக்கால்வாசி கொங்குச் சமையலறையிலேயே இருக்கிறது. அவற்றைக் கிளாஸில் இருப்பதோடு பொருத்திப் பார்க்கப் பழகினால் போதும்.

குடிப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பீருக்கு நான்கு சாமான்: மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்குகிறோமே, அதே வேலையைப் பார்லியில் செய்தால் மால்ட். உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு 60 முதல் 90 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஏல் வகைகள் சுமார் 18 முதல் 22 டிகிரியிலும் லாகர் 8 முதல் 13 டிகிரியிலும் புளிக்கும். சூடு கூடினால் பழ மணம் கூடும். ஏலில் பழ வாசம் தூக்கலாகவும் லாகரில் அடக்கமாகவும் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

சைடரில் கொதிக்க வைப்பதே கிடையாது. ஆப்பிளைத் துருவிப் பிழிந்த சாறும் ஈஸ்ட்டும்தான். அதனால் அது பீருக்குச் சித்தப்பா மகன் என்றால், ஒயினுக்கு உடன்பிறப்பு. ருசி பார்க்கும் முறையும் அதற்கேற்ப மாறும்.

மலை உயரமும் பீருக்குள் இறங்கும். ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும் என்பது நமக்குத் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதுதான் காரணம். ஹாப்ஸின் கசப்பு இறங்குவதும் சூட்டைப் பொறுத்தது. ஆகவே உயரத்தில் இருக்கும் ஆலை அதே கசப்புக்கு ஹாப்ஸைக் கூட்ட வேண்டும், அல்லது கூடுதல் நேரம் கொதிக்கவிட வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தமும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சமவெளியில் ஒழுங்காக ஊறும் பீர் அங்கே பொங்கிக்கொண்டு வரும். நுரை அதிகம் வந்தால் ஊற்றுபவரைக் குறை சொல்லாதீர்கள்.

கிளம்பும் முன் வீட்டில்: மூக்குக்குப் பாடம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி எனும் கறிச்சாறு ருசி என்று சிலதை மட்டும்தான் பிரிக்கும். மீதி எல்லாம் மூக்கின் வேலை. மணத்துக்குப் பெயர் சொல்ல மூக்கைப் பழக்க ஒரு சாயங்காலம் போதும்.

மூடி போட்ட சின்னக் கண்ணாடி பாட்டில்கள் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம், எத்தனை கழுவினாலும் மூடியில் வாசம் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் அளவு:

லேசாக உருக்கிய வெண்ணெய். நெய்யாகக் காய்ந்துவிடக் கூடாது, உருகியதும் இறக்கிவிட வேண்டும். நன்றாகக் கனிந்த ரஸ்தாளி, மசித்தது. இரண்டு கிராம்பு, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறியது. மக்காச்சோளம் வேகவைத்த தண்ணீர். அப்போதுதான் அரிந்த பச்சை அரசாணிக்காய்த் துண்டு. நாட்டுச்சர்க்கரையை வாணலியில் போட்டு நிறம் மாறும்வரை காய்ச்சிய பாகு. காபிக்கொட்டை, பொடிக்காதது. கடைசியாக, அட்டைப்பெட்டியில் இரண்டு விரல் அகலத் துண்டு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்தது. திருப்பூர்ப் பக்கம் பனியன் பெட்டி மழையில் நனைந்தால் குடோனில் ஒரு வாசம் அடிக்குமே, அதுதான் பழசாகிப்போன பீரின் வாசம்.

பாட்டில்களில் எண் மட்டும் எழுதி வீட்டில் ஒருவரை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடி, மூடியைத் திறந்து, நீட்டி இழுக்காமல் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை மோந்து பாருங்கள். எட்டில் ஆறு சரியாகச் சொன்னால் தயார். நடுவில் மூக்கு மரத்தால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை மோந்தால் தெளிந்துவிடும். இதற்கு யாரும் காபிக்கொட்டையைத் தூக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்கே பலமான மணம் உண்டு.

அடுத்தது நாக்கு. சாதாரண லாகர் 650 மி.லி. பாட்டில் ஒன்றை ஐந்து கிளாஸில் 100 மி.லி. வீதம் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் சாதா வினிகர் 10 சொட்டு. மூன்றாவதில் பால் சேர்க்காத கடும் டீ டிகாஷன் ஒரு டேபிள் ஸ்பூன். நான்காவதில் சர்க்கரை கால் ஸ்பூன். ஐந்தாவதை நடுப்பகல் வெயிலில் 15 நிமிடம் வையுங்கள். ஆறாவதற்கு மூன்று நாள் முன்யோசனை வேண்டும்: வேறொரு பாட்டிலில் பாதியை முன்கூட்டியே பிளாஸ்டிக் பாட்டிலில் காற்று இடைவெளி விட்டு மூடி, சமையலறைச் சூட்டில் போட்டுவைத்து, அன்றைக்கு எடுத்து ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் போதும், மீதியைக் கொட்டிவிடலாம்.

வெயிலில் வைத்த கிளாஸில் கெட்டுப்போன பூண்டும் ரப்பரும் கலந்தது போன்ற நாற்றம் வரலாம். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைப்பதால் வருவது இது. பழுப்பு பாட்டில் இதை ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. வாடையே வரவில்லை என்றால் அந்த பீரில் வெளிச்சத்துக்கு உடையாத ஹாப்ஸ் சாறு போட்டிருக்கலாம்.

ஆலையில்: என்ன கேட்பது, எவ்வளவு வாங்குவது

காலை 11 மணிக்கு நாக்கு துடியாக இருக்கும். லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். வெற்றிலை பாக்கு, புதினா மிட்டாய், அத்தர், சந்தனம், மல்லிகைப்பூ எதுவும் மேசைப் பக்கம் கூடாது. காலையில் குடித்த காபிக்கும் முதல் கிளாஸுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஊற்றுபவரிடம் நான்கு கேள்வி. இந்தக் குழாயில் இருக்கும் பீப்பாய் என்றைக்குத் திறந்தது? ஆல்கஹால் எத்தனை சதவீதம்? ஐபியு எவ்வளவு? குழாயைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்ல ஆலையின் வழக்கம். கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் தேதி சொல்லும் இடத்தில் நம்பி உட்காரலாம்.

ஐபியு என்பது கசப்பு அளவு. கோதுமை பீர் 8 முதல் 15, பேல் ஏல் 30 முதல் 50, ஹாப்ஸ் தூக்கலான ஏலான ஐபிஏ 40 முதல் 70, கருக வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீரான ஐரிஷ் ஸ்டவுட் 25 முதல் 45. எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாகற்காயில் வெல்லம் போட்டால் கசப்பு பதுங்குவதைப் போல, மால்ட் இனிப்பு கூடிய 50 சில சமயம் ஒல்லியான 35-ஐவிடச் சாதுவாகத் தெரியும்.

ஒரு வகைக்கு 100 மி.லி., ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். 5 சதவீத பீர் 500 மி.லி.யில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதை எரித்துத் தீர்க்க உடம்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். சட்டப்படி வண்டி ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் வால்பாறையின் 40 வளைவும் ஏறி இறங்கிய நமக்கு மலைப்பாதை எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது, அல்லது அன்றிரவு அங்கேயே தங்கிவிட வேண்டும்.

வரிசை முக்கியம். லாகர், கோதுமை பீர், பேல் ஏல், ஐபிஏ, ஸ்டவுட் என்று மெல்லியதிலிருந்து கனமானதுக்குப் போங்கள். ஐபிஏவை முதலில் குடித்தால் அதன் பிறகு வரும் கோதுமை பீர் தண்ணீர் மாதிரி இருக்கும். சைடரை பீருக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது, அல்லது தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸும் குளிரும்

மேல் பக்கம் குறுகிய, 250 மி.லி. அளவுள்ள கண்ணாடி கிளாஸ் வேண்டும். ஒயின் கிளாஸ் தாராளமாக ஆகும். சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, மணமும் சேர்ந்து நிற்காது. கிளாஸ் சுத்தமா என்று பார்க்க உள்ளே நனைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பைத் தூவுங்கள். உப்பு ஒட்டாத இடம் எண்ணெய்ப் பிசுக்கு. பீர் ஊற்றிய பிறகு கண்ணாடிச் சுவரில் குமிழ் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதே அர்த்தம்தான். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்த கிளாஸ் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

லாகர் 4 முதல் 7 டிகிரி, கோதுமையும் பேல் ஏலும் 7 முதல் 10, ஐபிஏ 8 முதல் 12, ஸ்டவுட் 10 முதல் 13. தெர்மாமீட்டர் தேவையில்லை. கிளாஸை உள்ளங்கையில் ஏந்தி, விரல் குளிர்ந்து வலிக்காமல் அரை நிமிடம் பிடிக்க முடிந்தால் ஏலுக்குச் சரியான பதம்.

ஒரு கிளாஸ், ஐந்து நிமிடம்

1. கிளாஸைச் சாய்த்துப் பாதி ஊற்றி, நிமிர்த்தி மீதியை நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் நுரை வேண்டும். நுரை வீண் இல்லை, மணம் வெளியேறும் வாசலே அதுதான்.

2. ஊற்றிய உடனே முதல் மோப்பம். கந்தகம் போன்ற சில மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். லாகரில் தீக்குச்சி வாடை லேசாக இருந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விட்டால் அது குறையில்லை.

3. பிறகு கண். வெள்ளைத்தாள் முன்னால் பிடியுங்கள். வைக்கோல் நிறமா, தேனா, கருப்பட்டியா? கலங்கலா, தெளிவா? கோதுமை பீரும் இன்றைய ஐபிஏக்கள் பலவும் கலங்கலாகவே இருக்கும். தெளிவாக இருக்க வேண்டிய லாகர் கலங்கியிருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். ஸ்டவுட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரியும்.

4. கிளாஸை மெல்லச் சுழற்றி, அதன் வாயை உள்ளங்கையால் 10 விநாடி மூடி, திறந்து மோந்து பாருங்கள். முதலில் எந்தக் குடும்பம் என்று சொல்லுங்கள்: தானியமா, பழமா, பூவா, மசாலாவா, கருகலா? குடும்பம் பிடிபட்டால் ஆள் தானாக வரும். தானியம் என்றால் வறுத்த சத்துமாவா, ரொட்டி மேல்தோலா? பழம் என்றால் நார்த்தங்காய்த் தோலா, மாம்பழமா? ஐபிஏவில் பைன் மரமும் தைலமரமும் கலந்தாற்போல் ஊட்டி மழைக்கால வாசம் வந்தால் அது ஹாப்ஸ்.

5. ஒரு டேபிள் ஸ்பூன் அளவு வாயில் எடுத்து ஐந்து விநாடி உருட்டுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் வரைந்த படம் தவறு. நாக்கு முழுக்க எல்லா ருசியும் படும்.

6. விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். இந்த ஒரு மூச்சில்தான் பாதி ருசி இருக்கிறது. தொண்டைப் பக்கமாக மணம் மூக்குக்கு ஏறும்போது, மோந்தபோது தெரியாத கிராம்பும் பாகும் காபியும் தெரியும்.

7. எண்ணுங்கள். கசப்பு எத்தனை விநாடி நிற்கிறது? சுத்தமாக மறைகிறதா, நாக்கைப் பிடித்து இழுக்கிறதா? இழுத்தால் அது கசப்பில்லை, துவர்ப்பு. வாழைப்பூவைப் பச்சையாக மென்ற மாதிரி வாய் வறண்டால், மால்ட் உமியை அளவுக்கு மீறிக் கழுவியிருக்கிறார்கள் அல்லது ஹாப்ஸ் தழை மிதமிஞ்சிப் போயிருக்கிறது.

8. பாதிக் கிளாஸை ஐந்து நிமிடம் அப்படியே விட்டு மறுபடி குடியுங்கள். நல்ல பீர் சூடேற ஏற வாய் திறந்து பேசும். குறை உள்ளதும் அப்போதுதான் மாட்டும்.

அடுத்த கிளாஸுக்குப் போகும்முன் குளிராத தண்ணீர் இரண்டு மடக்கு, உப்பில்லாத பொரி ஒரு பிடி. மிக்சரும் மிளகாய் பஜ்ஜியும் ருசி பார்த்து முடித்த பிறகு வரட்டும்.

கையோடு குறிப்பு எழுதுங்கள். "நல்லா இருந்துச்சு" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து ஒன்றுக்கும் உதவாது. இப்படி எழுதலாம்: "கோதுமை பீர், 5 சதவீதம். கலங்கல், தேன் நிறம், நுரை நான்கு நிமிடம் நின்றது. மோந்தால் ரஸ்தாளி, பின்னால் கிராம்பு. வாயில் ரொட்டி, எலுமிச்சை ஓரம். கசப்பு 5 விநாடி. சூடேறியதும் பழம் தூக்கல், சற்றுத் திகட்டல்." திருப்பூரிலிருந்து துணி வியாபாரமாக ஜெர்மனி போய் வருபவர்கள் அங்கே குடிக்கும் ஹெஃபவைசன் இந்த வகைதான். வாழைப்பழமும் கிராம்பும் அதில் யாரும் போடுவதில்லை, இரண்டுமே ஈஸ்ட் உண்டாக்குவது.

குறைகள்: என்ன வாடை, ஏன் வந்தது

வெண்ணெய் வாசமும் நாக்கில் வழுவழுப்பும் வந்தால் டைஅசிட்டைல். புளிக்கும்போது ஈஸ்ட் இதை உண்டாக்கும், பிறகு தானே தின்று தீர்க்கும். தீர்க்க விடாமல் அவசரமாகக் குளிரவைத்தால் தங்கிவிடும். இதில் ஒரு துப்பு இருக்கிறது. ஒரு பீரில் மட்டும் வெண்ணெய் என்றால் புளிக்கவைத்ததில் அவசரம். ஒரே ஆலையில் குழாய் குழாயாக வெண்ணெயும் புளிப்பும் சேர்ந்து வந்தால் குழாய் அழுக்கு, அதில் கிருமி குடியேறிவிட்டது.

பச்சை அரசாணி அல்லது பச்சை ஆப்பிள் தோல் வாசம் வந்தால் பீர் இன்னும் முதிரவில்லை, முன்கூட்டியே இறக்கிவிட்டார்கள்.

வெந்த மக்காச்சோளம் மலை ஊரில் கவனிக்க வேண்டிய குறை. மால்ட்டிலிருந்து வரும் இந்த வாடை, திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும்போது ஆவியோடு போக வேண்டியது. கொதிநிலை குறைந்த உயரத்தில் அது போக நேரம் கூடுதலாக எடுக்கும். சமவெளிக் கணக்கில் 60 நிமிடத்தில் அடுப்பை அணைத்தால் மிச்சம் நிற்கும். வெளிறிய லாகரில் துளி இருப்பதை மன்னிக்கலாம், பேல் ஏலில் கூடாது.

நனைந்த அட்டை என்றால் காற்றுப்பட்டுப் பழசானது. கறுப்பு பீர்களில் அதுவே உலர்திராட்சை போலத் தெரியும், அங்கே சில சமயம் நன்றாகவும் இருக்கும். இரும்பு வாடை சந்தேகமாக இருந்தால் இரண்டு சொட்டைப் புறங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள், துலக்கமாகத் தெரியும்.

புளிப்பைக் கண்டதும் குறை என்று முடிவு கட்டாதீர்கள். கம்பங்கூழையும் மோரையும் புளிக்க வைக்கும் லாக்டிக் கிருமியை வேண்டுமென்றே சேர்த்துக் காய்ச்சும் பீர்கள் உண்டு. கோஸே என்ற ஜெர்மன் வகையில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும், நீர்மோர் குடித்து வளர்ந்த நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். மோர்ப் புளிப்பு வட்டமாக இருக்கும், வினிகர்ப் புளிப்பு மூக்கில் குத்தும். சுண்ணாம்பு தடவாத பானையில் இறக்கிய கள் நேரமாக ஆகக் காட்டமாகிப் போவது இந்த இரண்டாவது புளிப்பு. லாகரில் இரண்டில் எது வந்தாலும் குறைதான்.

சைடருக்குத் தனிக் கணக்கு

சைடரில் நுரையைத் தேடாதீர்கள், நிற்காது. குமிழே இல்லாத சைடரும் உண்டு. 8 முதல் 12 டிகிரியில் குடியுங்கள். இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்குப் போங்கள்.

முதல் சிக்கல் இனிப்பைக் கண்டுபிடிப்பது. ஆப்பிள் மணம் மூக்கில் ஏறியதும் மனசு இனிப்பு என்று முடிவு கட்டிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான சர்க்கரை.

இரண்டாவது, புளிப்பையும் துவர்ப்பையும் பிரிப்பது. விழுங்கியதும் புளியங்காய் கடித்த மாதிரி எச்சில் ஊறினால் அமிலம். நாவற்பழம் தின்ற மாதிரி ஈறும் கன்னமும் இறுகினால் டானின். சாப்பிடும் ஆப்பிளில் டானின் குறைவு. சைடருக்கென்றே வளர்க்கும் கசப்பினிப்பு ரகங்களில் 0.2 சதவீதத்துக்கு மேல் டானினும் 0.45 சதவீதத்துக்குக் குறைவான அமிலமும் இருக்கும். சாப்பிடும் ஆப்பிளில் செய்த சைடர் பளிச்சென்று, புளிப்பு முன்னால் நிற்க, சீக்கிரம் முடிந்துவிடும். டானின் உள்ளது டீயைப் போல வாயில் உட்காரும். இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டாம். பேரிக்காயில் செய்ததும் மெனுவில் இருந்தால் கேளுங்கள். அதிலுள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரையை ஈஸ்ட் தின்னாது, அதனால் முழுக்கப் புளித்த பின்னும் மெல்லிய இனிப்பு மிச்சமிருக்கும்.

குறைகளில் வினிகர் முதலாவது, பீப்பாயில் காற்றிடம் விட்டதால் வருவது. நகப்பூச்சு அழிக்கும் திரவ வாடை அதன் கூட்டாளி. அழுகிய முட்டை வாடை வந்தால் கிளாஸை நன்றாகச் சுழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். பிடிக்கக் கஷ்டமானது எலி வாடை. மோந்தால் தெரியாது, வாயில் இருக்கும்போதும் தெரியாது. விழுங்கிப் பத்து இருபது விநாடி கழித்து, எச்சில் பட்டு அமிலம் தணிந்த பிறகு, எலி ஓடிய தவிட்டு மூட்டை மாதிரி ஒரு வாசம் தொண்டையிலிருந்து எழும். சிலருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் இயற்கை முறையில் புளிக்கவைத்த சைடர் என்றால் இரண்டு பேராகக் குடித்து, விழுங்கியபின் அரை நிமிடம் பேசாமல் காத்திருந்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சைடு டிஷ்

காரமும் கசப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும், ஆல்கஹால் இரண்டையும் தூக்கும். வரமிளகாய் கிள்ளிப்போட்ட பள்ளிபாளையம் சிக்கனோடு ஐபிஏ குடித்தால் வாய் எரியும், பீரும் தெரியாது, தேங்காய்ச் சில்லும் தெரியாது. அதற்குக் கோதுமை பீர் அல்லது அரை இனிப்பு சைடர். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு லாகர் பொருந்தும், நெய்யை வெட்டிக் கொடுக்கும். ஸ்டவுட்டுக்கு எள்ளுருண்டை வைத்துப் பாருங்கள். வறுத்த எள்ளும் வறுத்த மால்ட்டும் ஒரே இடத்தில் போய்ச் சேரும், வெல்லம் கசப்பை அணைத்துக்கொள்ளும். ஒப்புட்டுக்கு ஸ்டவுட் வேண்டாம், அது இனிப்பு சைடரோடுதான் சேரும்.

பாட்டிலில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், ஆலை வேறு மாநிலத்தில் என்றால் முதலில் இரண்டு மாநில விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். விதி இடம் கொடுத்தாலும் வடிகட்டாத, சூடுகாட்டாத பீருக்குப் பயணம் ஆகாது. மூடிய காரில் பவானி தாண்டுவதற்குள் வெந்துவிடும். ஐஸ் பெட்டியில் நிற்க வைத்துக் கொண்டுவந்து, வீட்டில் ஒரு ராத்திரி அசையாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, மண்டி அடியில் படிந்த பிறகு திறக்கலாம். குழாயில் பிடித்துக்கொடுத்த பாட்டில் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள், திறந்துவிட்டால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.